ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம்

ஐவின் வீட்டில் ஞாயிறுதோறும் பிற்பகல் காப்பிக்குப் பிறகு ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும். அது முடிந்ததும் அவர் எழுந்து, ஊசியைச் சிறிய தூரிகையால் துடைத்து, ரெக்கார்டு பிளேயரின் மூடியைச் சாத்திவிடுவார். அவருடைய மனைவி எல்னா, மேசைமீது சிந்திய கேக் துணுக்குகளை உள்ளங்கையில் திரட்டியபடியே கேட்பார்.

"மறுபக்கமும் போடேன், ஐவின். வெளியில மழை. நாம எங்க போகப்போறோம்?"

"ஊசி தேயும், எல்னா. பென்ஷன் வரட்டும். அப்புறம் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் கேக்கலாம்."

"அதுக்குள்ள நான் தேஞ்சுபோயிடுவேன்," என்பார் எல்னா. இருவரும் சிரிப்பார்கள். மூடி மட்டும் திறக்காது.

டென்மார்க்கின் மேற்கே, லிம்ஃபியோர்டு என்னும் கடற்கழியின் கரையிலிருந்த அந்தச் சிற்றூரில் பாதிக் குடும்பங்கள் ஒரே தொழிற்சாலையை நம்பிப் பிழைத்தன. வானொலிகளும் ரெக்கார்டு பிளேயர்களும் செய்த அந்தத் தொழிற்சாலையின் மரவேலைப் பிரிவில், பள்ளியை விட்ட ஆண்டே ஐவின் சேர்ந்தார். பெட்டிகளின்மேல் மெல்லிய தேக்குப் பலகை ஒட்டுவது அவர் வேலை. எல்னா துறைமுகத்து மீன்கூடத்தில் ஹெர்ரிங் மீன்களை அறுத்துச் சுத்தம் செய்தார். வீடு திரும்பியதும் எலுமிச்சை தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் இசைத்தட்டுகளின் உறையைத் தொடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு தட்டாவது வாங்கினார்கள்; வாங்கியவற்றில் பல, ஓரிரு முறைக்குமேல் சுழன்றதில்லை.

அவர்களிடமிருந்த பிளேயருக்கு மெல்லிய, நேரான கை. அதன் நுனியில், ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு தலை செருகப்பட்டிருக்கும். அதே தொழிற்சாலை செய்த தலைதான் அந்தக் கைக்குப் பொருந்தும். வேறெவர் செய்ததும் பொருந்தாது. ஒருநாள் தொழிற்சாலை அந்தத் தலைகள் செய்வதை நிறுத்தியது. மீந்தவற்றைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் கொடுத்தார்கள். ஐவின் இரண்டு கைகளும் கொள்ளுமளவுக்கு வாங்கி வந்து, துணி அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கடியில் வைத்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. ஈரம் படாமல் வைத்த பலகை ஆண்டுக்காண்டு உறுதிப்படுவதை அவர் கண்ணால் கண்டவர். ஊசியும் அப்படித்தான் என்று நம்பினார்.

பென்ஷன் வந்தது. "இப்ப இருக்கற ஊசி முழுசாத் தேயட்டும்," என்றார் ஐவின். பழைய வழக்கமே தொடர்ந்தது.

அதன்பின் எல்னாவின் வலக்காது போயிற்று. இடக்காதும் அதே வழியில் போய்க்கொண்டிருப்பதாகவும், எப்போது முற்றிலும் அடங்கும் என்று தம்மால் சொல்ல இயலாது என்றும் மருத்துவர் கூறினார். காரில் திரும்பி வரும்போது எல்னா நெடுநேரம் வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்:

"இனிமே மிச்சம் வெக்காத, ஐவின். எல்லாத்தையும் போடு. நான் எல்லாத்தையும் கேக்கணும்."

பழைய ஊசி அதற்குள் கரகரக்கத் தொடங்கியிருந்தது. ஐவின் அலமாரியைத் திறந்து, விரிப்புகளை விலக்கி, முதல் பெட்டியின் முத்திரையைப் பெருமையோடு கிழித்தார். புதுத் தலையைச் செருகிக் கையை இறக்கினார். ஊசி உள்ளே மடங்கிக்கொள்ள, தலையின் அடிப்பாகம் தட்டில் உராய்ந்து சீறியது. அவசரமாகத் தூக்கிவிட்டு இரண்டாவதைப் பிரித்தார். அது தட்டின்மீது தவளைபோலத் துள்ளியது. மூன்றாவதில் ஒரு காதுக்குரிய ஒலி மட்டும், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. எஞ்சியவற்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் செருகிப் பார்த்தார்; ஒன்றும் பாடவில்லை.

எதிர்வீட்டுக் கெர்டாவை அழைத்தார்கள். தொழிற்சாலையின் ஊசிப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த பெண்மணி. புகைத்துப் புகைத்துக் குரல் கட்டிப்போனவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பெட்டியப் பிரிக்கலைன்னா வயசாகாதுன்னு யாருப்பா உனக்குச் சொன்னது? ஊசிய உள்ள தாங்கிப் பிடிக்கறது ரப்பர். சிலது கல்லாயிடுச்சு, சிலது கூழாயிடுச்சு. உன் தேக்குப் பலகைன்னு நெனச்சியா?"

"எல்லாமேவா?" என்று கதவருகில் நின்ற எல்னா கேட்டார்.

கெர்டா கண்ணாடியை மடித்துப் பைக்குள் வைத்தார். எல்னா தரையில் கிடந்த காலிப் பெட்டிகளைப் பொறுக்கி அடுக்கினார்.

"எத்தனை ஞாயித்துக்கிழமை," என்றார்.

கெர்டா எங்கோ விசாரித்து, வேறு வகைத் தலையை அந்தக் கையில் மாட்டுவதற்கு ஓர் உலோகத் துண்டு வாங்கிவந்தார். மாட்டினார்கள். நுனி கனத்துவிட்டது. பின்புறத்து எடையைக் கடைசி வரை தள்ளியும் கை நிமிரவில்லை. ஊசி தட்டிலேயே விழுந்து கிடந்தது.

"உன்னோடது நோஞ்சான் கை. இந்த மண்டைய அதால தூக்க முடியாது," என்றார் கெர்டா. "பேசாம என் வீட்டு பிளேயரத் தூக்கிட்டு வந்துடறேன்."

"உன்னோடதா? அது எவ்வளவு கனம்! ஏர் ஓட்டற மாதிரி தட்டெல்லாம் உழுதுடும்."

"உழட்டுமே! அடுத்த வருஷம் அதுல பார்லி விதைக்கப்போறியா, கஞ்சப்பயலே?"

ஐவின் இசையவில்லை. இத்தனை காலம் கீறல் படாமல் காத்த தட்டுகளை அப்படிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் ஒருவர் பழைய தலைகளைப் பிரித்துப் புது ரப்பர் வைத்துத் தருவதாகக் கேள்விப்பட்டு, இரண்டை அவருக்கு அனுப்பினார். முன்பே வந்து காத்திருக்கும் வேலைகள் நிறைய இருப்பதாக அவர் பதில் எழுதினார். வசந்தம் போயிற்று. கோடையில் ஒருநாள், உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்த எல்னா கத்தியைக் கீழே வைத்தார்.

"கெர்டாவோட பிளேயர்லயே போடு, ஐவின். கீறல் விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

"இன்னும் கொஞ்ச நாள்தான். நீ சரியான ஊசியில கேக்கணும், எல்னா. இவ்வளவு நாள் பொறுத்துட்டோம்."

"சரி," என்றார் எல்னா. பிறகு அவர் ஒருபோதும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து பொட்டலம் வந்தது. ஐவின் வெள்ளைச் சட்டை அணிந்துகொண்டார். ஆர்ஹுஸ் நகரத்தில் எல்னா தம் முதல் சம்பளத்தில் வாங்கிய செல்லோ இசைத்தட்டை எடுத்து வைத்தார். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட, எல்னா அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

பொத்தானை அழுத்தியதும் தட்டு சுழன்றது. கை தானாக நகர்ந்து விளிம்புக்குமேல் வந்தது. எடை சரியாக இருக்கிறதா என்ற அச்சம் திடீரென்று எழவே, ஐவின் கையை அங்கேயே நிறுத்தினார். தட்டைத் தொடாமல் ஊசி அந்தரத்தில் நின்றது. அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எல்னாவின் குரல் கேட்டது.

"எவ்வளவு நல்லா இருக்கு, ஐவின்."

அவர் அசையவில்லை. சுழலும் தட்டின் மெல்லிய உறுமலைத் தவிர அறையில் வேறொலி இல்லை. சில வாரங்களாக, தாம் பேசும்போதெல்லாம் எல்னா கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத் தம் உதடுகளையே பார்த்ததை அவர் எண்ணிக்கொண்டார். அதை அன்பென்று நினைத்து அவர் உள்ளூர மகிழ்ந்திருந்தார்.

"எல்னா," என்று திரும்பாமலேயே அழைத்தார். சற்று உரக்க, "எல்னா!" என்றார்.

பதில் வரவில்லை.

ஐவின் ஊசியைத் தட்டில் இறக்கினார். ஒரு கரகரப்பும் இல்லாமல் செல்லோ எழுந்தது. அந்தத் தட்டு அவ்வளவு தெளிவாக ஒலித்து அவர் கேட்டதே இல்லை. எல்னா கண் திறவாமல், மெல்லத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் முடிந்ததும் ஐவின் மறுபக்கத்தைப் போட்டார். பிறகு அடுத்த தட்டு, அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் எல்னா நன்றாயிருப்பதாகச் சொன்னார். வெளியே இருட்டியது. இருவருமே விளக்கைப் போடவில்லை. இசை நின்றால் இருவரில் ஒருவர் பேச வேண்டியிருக்கும் என்பதால், ஒரு தட்டு முடியுமுன்னே ஐவின் அடுத்ததைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.