மழை லீவில் பெய்த மழை

தொண்ணூறுகளின் கடைசியில், சேலையூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் வந்தது. வந்தது என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஆபீஸ் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர் அறையில் சொருகினால், அது கீச்சு கீச்சென்று கொஞ்ச நேரம் கத்தும். மனசிருந்தால் இணைப்பு கொடுக்கும், இல்லாவிட்டால் இல்லை.

இந்த லட்சணத்தில் நாங்கள் ஒரு வானிலைத் திட்டத்தில் சேர்ந்தோம். உள்ளூரும் வெளிநாடுமாகப் பல பள்ளிகள் தினமும் வெயிலையும் மழையையும் அளந்து, வாரம் ஒருமுறை ஈமெயிலில் அனுப்ப வேண்டும். எல்லாருடைய கணக்கும் ஒரே அட்டவணையாகி எல்லாப் பள்ளிகளுக்கும் திரும்பி வரும். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் என்பதால் வேலையை என் தலையில் கட்டினார்கள். பள்ளியை நடத்திய கரஸ்பாண்டன்ட்டுக்கு வேண்டியது கடைசியில் கிடைக்கப்போகும் சர்டிபிகேட்தான். அதை மாட்டுவதற்கு ஆபீஸ் சுவரில் ஆணிகூட அடித்து வைத்துவிட்டார்.

என் வகுப்பில் பீர்க்கன்கரணையிலிருந்து வரும் பெண் ஒருத்தி இருந்தாள். ஏரிக்கரைக்குக் கீழே அவர்கள் வீடு. ஏரி நிரம்பினால் தண்ணீர் நேராக அடுப்பங்கரைக்குத்தான் வரும். ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து ஓய்ந்துபோன தெரு அது. மழைமானியைப் படித்துச் சொல்லும் பொறுப்பை அவளே என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“நாம அனுப்பறத எல்லா ஊர்லயும் பாப்பாங்களா மிஸ்?”

“பாப்பாங்க.”

“அப்போ எங்க பக்கம் எவ்ளோ மழை பேயுதுன்னு தெரிஞ்சிடும். யாராச்சும் கேப்பாங்க இல்ல?”

யார் கேட்பார்கள், யாரைக் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருந்தாலும் ‘கேப்பாங்க’ என்றேன். அப்போது எனக்கே அப்படித்தான் தோன்றியது. கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடும் என்று படித்தவர்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலம்.

ஜூலை, ஆகஸ்டு எல்லாம் அமர்க்களமாகப் போனது. சாயங்கால மழை தூறினால் மறுநாள் காலையில் பிரேயருக்கு முன்பே அவள் மைதானத்தின் மூலையில் குனிந்து நிற்பாள். எங்கள் ஊர் வெயிலைப் பார்த்து வெளிநாட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து எழுதினார்கள். அவர்களில் சிலருடைய ஊரில் அப்போது குளிர்காலம்; அந்தக் குளிரைப் படித்து எங்கள் பிள்ளைகள் ஃபேனுக்கு அடியில் நடுங்குவதுபோல் நடித்தார்கள்.

ஐப்பசியில் நிஜமான மழை வந்தது. மழை வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் என்ன நடக்கும்? லீவு விடுவார்கள். விடிந்ததும் பிள்ளைகள் ரேடியோ முன்னால் பக்தியோடு உட்கார்ந்துவிடுவார்கள். திட்டம் போட்ட புண்ணியவான்களுக்கு இது தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே, அதுதான் வேடிக்கை. மழையை அளக்க வேண்டிய பள்ளிக்கூடம், மழை பெய்தால் பூட்டிக்கொள்ளும்.

லீவு விட்ட முதல் நாள் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கேம்ப் ரோடு தண்ணீரில் நடந்து போனேன். அவள் எனக்கு முன்பே கேட்டுக்கு வெளியே சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லையாம்.

“லீவு வுட்டா யாரையும் உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டர் மிஸ். நான் இன்னா பண்ண?”

கெஞ்சித் திறக்கவைத்தேன். மைதான மூலையில் மழைமானி சுத்தமாகக் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“நான்தான் தண்ணிய ஊத்திட்டுக் கவுத்து வெச்சேன் மிஸ். தண்ணி நின்னா கொசு முட்ட வெச்சிடும். மலேரியா வந்துகினு கீதுன்னு டிவில சொன்னாங்களே?”

வாட்ச்மேனை எப்படித் திட்டுவது? நல்லதைத்தான் செய்திருந்தார். அவள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, பாவாடையைப் பிழிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதன்பிறகு அந்த வாரம் முழுக்க லீவு. ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வே மூழ்கிவிட்டதால், என் வீடு இருக்கும் மேற்குத் தாம்பரத்திலிருந்து என்னாலும் வர முடியவில்லை. பள்ளி திறந்த அன்று மழைமானி நிரம்பி வழிந்து நின்றது. எந்த நாளில் எவ்வளவு பெய்தது, எவ்வளவு வழிந்து போனது என்று யாரால் சொல்ல முடியும்? நான் போவதற்குள் கம்ப்யூட்டர் சார் கணக்கை அனுப்பிவிட்டிருந்தார்.

“காலியா விட்டா மெஷின் எடுத்துக்க மாட்டேங்குது மிஸ். ஒரு வாரம் விட்டுப்போனாலும் சர்டிபிகேட் போச்சுன்னு கரஸ்பாண்டன்ட் குதிக்கறார். அதான் எல்லா நாளுக்கும் ஜீரோ போட்டுட்டேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். திருத்தம் எழுதி உட்கார்ந்தால் டெலிபோன் செத்திருந்தது. மழையில் அதுவும் லீவு எடுத்துக்கொள்ளும். மறுபடி அதற்கு உயிர் வந்தபோது, எங்கள் திருத்தம் போவதற்கு முன்பே வெளிநாட்டுப் பள்ளி ஒன்றின் கடிதம் வந்து விழுந்தது. உங்கள் ஊரில் ஒரு வாரமாக ஒரு சொட்டு மழையும் இல்லை என்று அட்டவணையில் பார்த்தோம், மிகவும் வருந்துகிறோம், சீக்கிரம் நல்ல மழை பெய்ய எங்கள் வகுப்பே பிரார்த்தனை செய்கிறது என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து நமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று கரஸ்பாண்டன்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே வெட்கமாக இருந்தது.

பள்ளி திறந்தும் அவள் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மாவோடு வந்தாள், டி.சி. வாங்க. ஏரி நிரம்பி, வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டதாம். மதுராந்தகத்தில் மாமா வீட்டுக்குப் போகிறார்களாம். ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் அவள் போர்டில் இருந்ததைப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, விரல் வைத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“இன்னாடி எழுதிக்கீது?” என்று அவள் அம்மா கேட்டார்.

“நம்ம ஊர்ல மழையே இல்லியாம். மழை வரணும்னு வேண்டிக்கிறாங்களாம்.”

“ஐயோ, வோணாம்னு எழுதச் சொல்லுடி மிஸ்ஸ! இருக்கற செவுரும் பூடும்.” அந்த அம்மா நிஜமாகவே பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மாவின் தோளைத் தொட்டாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

“வாம்மா போலாம்,” என்றாள். “எழுதினாலும் யாரும் கேக்க மாட்டாங்க.”