ஜன்னலைத் திறந்து எடுத்த அளவு

கொடைக்கானலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் படலம் செய்தேன். அனிலின் என்ற திரவத்தை அமிலத்தில் கரைத்து ஓர் உப்பைச் சேர்த்தால், கண்ணாடித் துண்டின்மேல் பச்சையாகப் படியும். அனிலினுக்கு அழுகின மீன் நாற்றம். விரலைவிட்டுப் போகாது, சோறு இறங்காது.

அதைக்கூடச் சகித்துக்கொண்டேன். காயவைத்து அளந்தபோது படலத்தில் மின்சாரம் சொற்பமாகத்தான் ஓடியது. ஈரம் பட்டால் கூடும் என்று தெரிந்த என் பேராசிரியர் ஜன்னலைத் திறந்துவிட்டார். மேகம் உள்ளே வந்து மேசைமேல் கவிந்தது, மீட்டர் ஏறியது.

“பாத்தியாம்மா, வந்துருச்சு” என்று குறித்துக்கொண்டார்.

“சார், இது ஈரத்தோட அளவுங்க.”

“கொடைக்கானல்ல எதும்மா காஞ்சு கெடக்கு?”

அவருடைய கட்டுரையில் ‘நன்கு உலர்த்திய படலம்’ என்று அச்சாகியிருந்தது. பாராட்டுக் கூட்டத்தில் என்னோடும் கைகுலுக்கினார். அனிலினுக்குக்கூட நான் அப்படித் தேய்த்துக் கை கழுவியதில்லை.