வராத மாறுதலுக்குச் சொன்ன நன்றி

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கைக்கு வருமுன்பே, வந்துவிட்டதாக நம்பி எழுந்து நின்று நன்றி சொல்வோம். வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் புதன்கிழமைதோறும் நடக்கும் தமிழ் ஜெபக்கூட்டத்தில் என் அம்மாவும் ஒரு நாள் அப்படி எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மதுரைப் பக்கம் மாறுதல் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

மாறுதல் வந்திருக்கவில்லை. அப்பா தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன். மதுரையில் அதே வேலையிலிருந்த ஒரு வங்காளி ஊர் திரும்ப விரும்பி, அப்பாவோடு இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அம்மா கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அவளுக்கு இந்த ஊரில் பேச ஆளில்லை. தமிழ்க் குரல் புதன்கிழமை மட்டும் கிடைக்கும். மற்ற நாட்களில் மீன் வாங்கக்கூட நான் பக்கத்தில் நின்று பேச வேண்டும். வங்காளம் கற்றுக்கொள்ளச் சொன்னால், "போகப்போறவளுக்கு எதுக்குல இந்த பாஷை?" என்பாள்.

அவள் சொன்ன உறுதியில், ஆர்டரே வந்துவிட்டதென்று சபை நினைத்துக்கொண்டது. திருத்தினால் அவிசுவாசமாகிவிடும் என்று அம்மா வாய் திறக்கவில்லை. மட்டன் பிரியாணி செய்து, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, எங்களுக்குப் பிரிவு உபசாரமே நடத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சிரித்தார். "ஆண்டவர் கையெழுத்துப் போட்டுட்டாரு. ஆபீசர்தான் பாக்கி."

"கேலி பண்ணாதிய" என்றாள் அம்மா.

சில நாட்களில் அந்த வங்காளி போன் செய்தார். அவர் மனைவிக்கு மதுரையிலேயே நர்ஸ் வேலை கிடைத்துவிட்டதாம். இனி அவர் இடம் மாறி வரப்போவதில்லை. அப்பா போனைக் கீழே வைத்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு விசுவாசம் பத்தலியோ?"

"அப்படியில்லம்மா. மாட்டேன்னு சொல்லுததும் பதில்தான்."

"படிச்சவன். நீ அப்படித்தான் சொல்லுவ."

அந்தப் புதன்கிழமை அவள் கூட்டத்துக்கு வரமாட்டாள் என்றே நினைத்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

"என்ன மைனி, இன்னைக்கே ரயிலா?" என்றார் ஓர் அக்கா.

அம்மா எழுந்து நின்றாள். "மாறுதல் இல்ல. நான்தான் அவசரப்பட்டு வந்துட்டதாச் சொன்னேன். ஆண்டவர் மாட்டேன்னுட்டாரு. இத்தன வருஷமா கேட்டதுக்கு ஒரு முடிவு சொல்லிட்டாரு, அதுக்கும் ஸ்தோத்திரம். இந்தா இருக்கு பெட்டி. பிரியாணியத்தான் திருப்பித் தர முடியாது."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "பெட்டி இருக்கட்டும் மைனி, லீவுக்கு ஊருக்குப் போகணும்லா?" என்று அந்த அக்கா அதைத் திரும்ப அவள் பக்கமே தள்ளினார்.

அம்மாவுக்கு ஆறுதலாக என்ன சொல்லியிருந்தாலும், அதுவரை ஜெபத்தை நான் எழுதிய விண்ணப்பத்தைப் போலத்தான் நினைத்திருந்தேன். சரியாக எழுதினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எழுதியதில் பிழை. அம்மாவோ தகப்பனிடம் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாள். தகப்பன் மறுத்தால் அழலாம், கோபப்படலாம். ஆனால் அடுத்த வேளைச் சோற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். தேவன் பதில் சொல்கிறார் என்பதில் எனக்கு இன்று சந்தேகமில்லை. அந்தப் பதிலோடு என்ன செய்வது என்பதை அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

மறுவாரமே, "விலை கேக்கணும்னா என்ன சொல்லணும்?" என்றாள்.

"கொதோ."

"குறைக்கச் சொல்ல?"

"கொமியே தின்."

சனிக்கிழமை பாலிகஞ்சில் என் ஆபீஸ் முடிந்ததும் கரியாஹாட் கடைத்தெருவில் சந்தித்தோம். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வாங்க வேண்டுமாம். விட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எதற்கென்று அதுவரை வாங்கியதேயில்லை. "நீ வராத, அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல "மாஷிமா, மாஷிமா" என்று கெஞ்சுகிற அளவுக்குப் பேரம் நடந்தது. விலை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை. அவள் முகம் போதுமாக இருந்தது.

இப்போது காலை ஜெபத்தில் அம்மா மாறுதல் கேட்பதில்லை. எதிர்வீட்டு பௌதியின், அந்த வங்காளி அண்ணியின், முழங்கால் வலிக்காகக் கேட்கிறாள். அந்தப் பெண்ணுக்கு வலி என்பதே, அவளிடம் பேசத் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.