எசெக்ஸில் வைன், ஸ்டியரிங்கில் நான்

எல்லாரும் குடிக்க, ஒரு சொட்டும் தொடாமல் பக்கத்தில் நிற்பதுதான் என் தொழில். சனிக்கிழமைகளில் கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து வான் நிறைய ஆட்களை ஏற்றி, எசெக்ஸின் கிரவுச் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகிறேன். லண்டனில் பாதிப் பேருக்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது. பிறர் கொண்டாட்டத்துக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்: வருகிறவர் எவரும் ஓரிடத்தில் இருக்கமாட்டார், அவர்களைப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளாது.

பாதை மாறியதோ?

வட லண்டன் எட்மண்டனில் மருந்துக்கடை வைத்திருக்கும் குமரன் வான் கிளம்பியதிலிருந்தே பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். “அண்ணை, எசெக்ஸில வைனோ? பாதை மாறி வந்திட்டியள் போல கிடக்கு.” ஒவ்வொரு சந்தியிலும் இதே கேள்வி.

தோட்டக்காரி ஹெலன், பாக்கஸ் என்ற வெள்ளைத் திராட்சையின் வைனை ஊற்றிக் கொடுத்தாள். குமரன் ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். மாங்காய்ப் பிஞ்சை நசுக்கின மணம் என்றார். இரண்டாவது கிளாஸ் முடிய என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வைன் குடிக்கவெண்டு பிரான்சுக்கு ரிக்கற் போட்டு வைச்சிருக்கிறன் அண்ணை, அதை இப்ப கான்சல் பண்ண ஏலுமோ?”

சிக்னல் தேடியவர்

ராகவன் வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், சென்னைக்காரர். அலுவலகத்தில் ஆட்குறைப்பு. சனிக்கிழமையானாலும் மேலாளர் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாக இருந்தது. மனைவி மீரா மேசையில் தனியே இருக்க, அவர் போனை உயர்த்திப் பிடித்தபடி கொடி வரிசைகளுக்குள் மேலும் கீழும் அலைந்தார். நான் வான் சாவியை உருட்டிக்கொண்டு அவரையே பார்த்து நின்றேன்.

அழைப்பு வந்தது. மெதுவாகத் திரும்பி வந்தார். “போயிடுச்சு மீரா” என்றார். அவள் எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டாள். போனை அணைத்து அவளுடைய கைப்பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹெலன் சிவப்பு வைன் ஊற்றினாள். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் விழுங்காமலே இருந்தார். பிறகு இது என்ன திராட்சை, எப்போது பறிப்பீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். வெயில் சரியும்வரை இருவரும் எழும்பவில்லை.

வானில் ஏறும்போது மீரா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் எனக்கு எதிர்ல முழுசா உக்காந்திருக்கார்.”

பனி வரும் என்றார்கள்

சித்திரை மாதம். தென் லண்டன் மோர்டனில் இருக்கும் சாந்தி அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள். பட்டுச்சேலையோடு தோழிகளைக் கூட்டி வந்திருந்தா. ஹெலனோ ஊற்றுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றாள். விடிவதற்குள் உறைபனி விழும் என்று செய்தி. இளந்தளிர் எல்லாம் கருகிப்போகும். வரிசைக்கு வரிசை மெழுகு டின் வைத்துக் கொளுத்தினால் தப்பலாம். ஆனால் அதைத் தூக்கி வைக்க ஆள் போதாது.

“பிறகென்ன, பாத்துக்கொண்டே இருக்கிறது?” என்று அக்கா சேலையைச் செருகினா. தோழிகளும் இறங்கினார்கள். நானும் சுமந்தேன். பொழுது சாய முன் சரிவு முழுக்க டின் நின்றது. கேக் வெட்ட மறந்துபோனோம்.

மறுநாள், கீழ்ச்சரிவில் கொஞ்சம் கருகினாலும் மற்றதெல்லாம் தப்பிவிட்டதென்று ஹெலன் சொன்னதை, நான் அக்காவுக்கு ரெலிபோனில் சொன்னேன். “அப்ப இந்த வருச வைன் போத்திலில என்ர பேரையும் போடச் சொல்லு தம்பி, சீலை பழுதாப்போனதுக்கு அது காணும்.”

பின் இருக்கையில் நான்

“ஒருநாளாவது நீங்களும் குடியுங்கோவன்” என்று என் மனைவி வசந்தி வேறொரு சாரதியைப் பிடித்து, என்னைப் பின்னால் ஏற்றினாள். வளைவுக்கு வளைவு என் வலது கால் தரையை மிதித்தது. தோட்டத்திலும் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆட்களை எண்ணினேன், இரண்டு தரம் வானடிக்குப் போய் வந்தேன்.

கடைசியில் ஹெலன் என் கையில் கிளாஸைத் திணித்தாள். இத்தனை காலம் மணந்து மட்டும் அறிந்ததை அன்றுதான் குடித்தேன். குளிர்ந்து, புளித்து, தொண்டையில் இறங்கியபின் மெல்ல இனித்தது. கண்ணை மூடிவிட்டேனாம். வசந்தி குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். “நாக்கு இஞ்ச வந்திட்டுது, கால் இன்னும் பிரேக்கிலதான் கிடக்கு.”

வைன் அசையாமல் கிடந்தால்தான் ருசி ஏறும் என்கிறார்கள். அதைக் குடிக்க வருகிறவர்களையும் கூட்டி வருகிறவனையும் பீப்பாயில் போட்டு மூடத்தான் இன்னும் ஒருவரையும் காணோம்.