முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்

இன்று காலை எங்கள் ஊர் சிலிபினில், என் வீட்டு வாசலிலேயே சாகப் பார்த்தேன்.

என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு என்னைவிட வயது அதிகம். பின்பக்கம் எண்ணெய் ஒழுகியது. ஜேக் போட்டுத் தூக்கிப் பார்க்கலாம் என்று இறங்கினேன்.

என் மனைவி வந்து நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"ஊர்வலமா போறேன்? கார தூக்கத்தான் போறேன் லா."

"இருக்கட்டும். சும்மா இருங்க."

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினேன். தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்ட் ஸ்டோரில் கிடந்தது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று படுத்து, தலையை உள்ளே நீட்டினேன்.

"அலாமா! முன்னால பழம் நசுங்குதுங்க!"

"நசுங்கட்டும் லா" என்று சொல்லும்போதே உறைத்தது. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவை இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. முன்சக்கரங்களைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் வாசலோ கேட்டை நோக்கிச் சரிவு.

எப்படி வெளியே உருண்டேன் என்று தெரியவில்லை. ஜேக் சாய்ந்தது. என் தலை இருந்த இடத்தில் கார் தொம்மென்று உட்கார்ந்தது.

முன்சக்கரத்தடியிலிருந்து சாறு வடிந்துகொண்டிருந்தது.

பிறகுதான் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தேன். ஸ்டாண்டும் வந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த வாரம் முன்பக்கமும் தூக்கணும்னீங்களே. சொல்லுங்க, ரெண்டு கிலோ வாங்கி வைக்கிறேன்."

சிரிக்கிற மச்சான்களே, உங்கள் வீட்டு முட்டுக்கட்டையைப் படம் எடுத்துக் கீழே கமெண்டில் போட்டுவிட்டுச் சிரியுங்கள்.