என்ன மருந்து

என் தங்கச்சிக்குத் தலைக்குள் ஆட்கள் பேசுவார்கள். இதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை, யாரிடமும் போய்ச் சொல்லி அழுததும் இல்லை. சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கிச் சம்பாதித்ததில் அவளையும் என்னையும் பார்த்துக்கொண்டேன். இரண்டு கிழவிகள், ஓரறை வாடகை வீடு. எங்களுக்கு அது போதும். ஒருவர் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை.

வயது ஏற ஏறத்தான் அவளைத் தனியாகப் பிடித்து நிறுத்த முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி, எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கிற உதவி நிலையத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும். இங்கேயே பிறந்து, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். முதல் நாளே தங்கச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "யாரோட பேசிட்டு இருக்கீங்க ஆண்ட்டி?" என்று கேட்டாள்.

"உன்னோட இல்ல. குறுக்க வராத லா," என்றாள் தங்கச்சி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காகவே அவளை வீட்டுக்குள் விட்டேன்.

மாத்திரை கொடுத்தால் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுவது தங்கச்சியின் வழக்கம். அதனால் தண்ணீர் மருந்தாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அது உள்ளே போனதா என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண் மத்தியானமானால் போன் செய்வாள்.

"ஆண்ட்டி, மருந்து குடிச்சிட்டாங்களா?"

கேட்கும்போதெல்லாம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பேன். நாங்கள் வளர்ந்த தொழிலாளர் குவார்ட்டர்ஸில் யாராவது உயிரை விடத் துணிந்தால், மருந்து குடிச்சிட்டா என்றுதான் சொல்வார்கள். விஷம் என்ற வார்த்தையைச் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று எங்கள் அம்மா வாயிலேயே அடிப்பாள். காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவோம், மருந்து கொடுப்போம். மருந்து குடித்தாள் என்று மட்டும் சொல்லமாட்டோம்.

"அப்படிக் கேக்காதம்மா. மருந்து குடுத்தாச்சான்னு கேளு."

"ரெண்டும் சேம்தானே ஆண்ட்டி?"

"சேம் இல்ல."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதை வாய்விட்டு விளக்க எனக்கும் மனம் வரவில்லை. அவள் பழையபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மீன் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். தங்கச்சி அடுப்படித் தரையில் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில், குடிக்கக் கூடாத போத்தல் ஒன்று உருண்டு கிடந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. அப்படி ஒரு தெளிவான பார்வையை அவளிடம் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தால் இங்கிலீஷில் கேட்பார்கள், எனக்குப் பதில் சொல்ல வராது. அவசரம் என்றால் இதை அமுக்குங்கள் என்று அந்தப் பெண் என் போனில் ஒரு பட்டனைக் காட்டி வைத்திருந்தாள். அமுக்கினேன். உடனே எடுத்தாள்.

"தங்கச்சி மருந்து குடிச்சிட்டாம்மா."

"ஆ, வெரி குட் ஆண்ட்டி. சாப்பிட்டதுக்கு அப்புறமா?"

"குடிச்சிட்டாம்மா. மருந்து குடிச்சிட்டா."

"ஓகே, கேட்டுச்சு ஆண்ட்டி. மீட்டிங்ல இருக்கேன், நாளைக்கு வர்றேன்."

வைத்துவிட்டாள். மறுபடி அமுக்கினேன், எடுக்கவில்லை. எதிர்வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா உண்டு. ஆண்ட்டி என்பதற்கு மலாயில் மக்சிக் என்பார்கள். லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அவள் கதவைப் போய் இடித்தேன்.

"மக்சிக், அடிக் சாயா மினும் ராச்சுன்."

என் தங்கச்சி விஷம் குடித்துவிட்டாள். மலாயில் அது சட்டென்று வந்துவிட்டது. ராச்சுன் என்ற வார்த்தைக்காக என் அம்மா என்னை அடித்ததில்லை.

மக்சிக் அடுத்த வார்த்தை கேட்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே, மறு கையால் என் தங்கச்சியின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

உயிர் தங்கியது. தொண்டை வெந்துபோனது. இனி வாயால் சாப்பாடு இறங்காது, குரலும் வராது என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நிலையத்துப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலடியில் நின்றாள்.

"திட்டிடுங்க ஆண்ட்டி."

"திட்டத் தெம்பு இல்ல. உக்காரு."

உட்கார்ந்தாள். 

பிறகு லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி அறைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். எங்கள் மாதிரி வீடுகளுக்குப் போன் செய்து விசாரிக்கப் பழகும் தமிழ் ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்து துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் சிலர், மற்றவர்கள் இங்கே படித்தவர்கள். நீங்கள் அனுபவித்ததைச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். படம் எடுக்கக்கூடாது என்று முதலில் சொன்னேன். பிறகு போனில் நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் சொன்னேன். என் அழுகையைப் பார்க்க அவர்கள் வரவில்லை, காட்ட நானும் போகவில்லை. அந்தப் பெண் முன்வரிசையில்தான் இருந்தாள். அவள் எந்த நிலையம் என்று நான் சொல்லவில்லை.

ஊர்க்காரப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கே படித்தவர்களில் ஒருத்தர் எழுந்து, "அப்ப நாங்க என்னதான் கேக்கணும்மா?" என்றார்.

"என்ன மருந்துன்னு கேளுங்க," என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் இப்போதும் மத்தியானமானால் போன் செய்கிறாள்.

"மருந்து குடுத்தாச்சா ஆண்ட்டி?"

"குழாய்ல குடுத்தாச்சு."

"ஆஸ்பத்திரி மருந்துதானே?"

"ஆமா."

அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கமாட்டாள். நானும் வைக்கமாட்டேன். சுவரோரம் உட்கார்ந்திருக்கிற தங்கச்சியின் உதடு அசைந்துகொண்டே இருக்கும், சத்தம் இருக்காது. முன்பெல்லாம் அடுப்படியில் நின்றபடியே, யாரோடு சண்டை போடுகிறாள் என்று எனக்குக் கேட்கும். இப்போது அந்தத் தலைக்குள் ஆட்களைத் திட்டுகிறாளா, என்னைக் கூப்பிடுகிறாளா என்று தெரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து பக்கத்தில் போய், "என்னடி?" என்று கேட்டுவிட்டு வருகிறேன்.