மல்லிகா அழிக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை கண்ணமங்கலத்தில் பணியில் இருந்தேன். ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போது நம் விடுதித் தோழிகள் குழுவில் செய்தி வந்தது. மல்லிகா போய்விட்டாள். புற்றுநோயோடு இரண்டு ஆண்டு மல்லுக்கு நின்றவள், வேலூர் மருத்துவமனையில் விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாள். வரிசையில் இன்னும் குழந்தைகள் இருந்தன. எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

மதியத்துக்குள் குழுவில் அஞ்சலிகள் நிறைந்தன. அவற்றில் ஒன்று: "நம்ம கேமை அழிச்ச மகராசி, போற எடத்துலயும் எதயாவது அழிச்சி வெக்காதடி." எழுதியவள் அழுதுகொண்டேதான் எழுதியிருப்பாள், தெரியும். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தோழிகளே, அந்த விளையாட்டை அழித்தவள் மல்லிகா இல்லை. நான்.

நம்மைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில் இருந்த எங்கள் பெண்கள் விடுதிக்கு யாரோ ஒரு பழைய கணினியைக் கொடுத்தார்கள். அதில் யாரோ விட்டுப்போன ஒரு சாகச விளையாட்டு இருந்தது. கையில் விளக்கோடு ஒரு பெண், தொலைந்துபோன தம்பியைத் தேடி ஏழு மலையும் ஒரு கடலும் தாண்டிப் போவாள். வழியில் பூதம் வரும், மரம் பேசும். ஞாயிறு மதியம் மட்டும் அனுமதி. நாற்பது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒருத்தி விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் தொடர வேண்டும். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஆட்டம்.

என் மகன் அதன் படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மூஞ்சியே இல்ல, கட்டம் கட்டமா கீது" என்கிறான். உண்மைதான். ஆனால் நாங்கள் மலையடிவாரத்துப் போளூரைத் தாண்டிப் போகாதவர்கள். மலை எங்களுக்கு அதிசயமில்லை, சாமை விதைக்கிற இடம். கடல்தான் அதிசயம். விளக்குக்காரி கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது மல்லிகாவின் முறை. படகைத் தேடடி என்று எல்லோரும் கத்தினோம். அவள் தேடவில்லை. ஐந்து நிமிடமும் அந்தப் பெண்ணைக் கரையோரமாக நடக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். "இருங்கடி, இவ்ளோ தூரம் வந்துட்டு தண்ணிய பாக்காம போனா இன்னா அர்த்தம்?" என்றாள். அன்று அவளைத் திட்டாதவர் இல்லை. இன்று அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கரைதான்.

நான் எட்டாம் வகுப்பில்தான் விடுதியில் சேர்ந்தேன். அதற்குள் விளக்குக்காரி மூன்றாவது மலையில் இருந்தாள். அவள் வீடு எது, தம்பி எப்படித் தொலைந்தான், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை கணினி அறையைக் கழுவும் முறை எனக்கும் மல்லிகாவுக்கும் வந்தது. அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில், ஆரம்பத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று புது ஆட்டத்தை அழுத்தினேன். பழையதை அழிக்கட்டுமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. படிக்காமலே ஆம் என்றேன். இரண்டு வருட நடை ஒரு நொடியில் போயிற்று.

முறைக்காக ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தோம். இந்த விளையாட்டால் இன்னொரு சண்டை வந்தால், காரணமானவளின் வீட்டுக்கு ஆள் போகும் என்று வார்டன் அம்மா முன்பே சொல்லியிருந்தார். என் அப்பா அதற்குத்தான் காத்திருந்தார். மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஒரு புகார் போதும், படிப்பு அதோடு சரி. மல்லிகா குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாயத் தொறக்காத சாந்தி. நான்தான் அழிச்சேன்."

"உங்க வூட்டுக்கும் ஆள் போவுமே?"

"எங்கம்மா வரும், முதுகுல ரெண்டு வெக்கும், எடுத்தாந்த பலாச்சொளய குடுத்துட்டுப் போவும். உங்கப்பா உன்ன கையோட கூட்டினு பூடுவாரு."

அவள் சொன்னபடியே நடந்தது. பலாச்சுளையில் பாதி எனக்கும் வந்தது.

அடுத்த ஞாயிறு கோபத்தில் யாரும் கணினி அறைக்குப் போகவில்லை. மல்லிகா ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலிலிருந்து தொடங்கினாள். "அழிஞ்சா இன்னாடி, வழிதான் தெரியும்ல?" என்றாள். தம்பி ஆட்டின் பின்னே ஓடி மூடுபனிக்குள் மறைந்தான். ஆரம்பத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் நானும். ஒரு மாதத்தில் நீங்கள் எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தீர்கள். அந்த இரண்டாவது நடையில்தான் நாம் அந்தக் கடலைப் பார்த்தோம், தம்பியையும் கண்டுபிடித்தோம். இன்றும் நாம் சந்தித்தால் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுவதற்குப் பூதமா காரணம்? தொலைந்தது கிடைக்கும் என்பதை நாம் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அதில்தான். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி நடப்பாள் என்பதையும்.

நான் செவிலியர் படிப்புக்குப் போனேன். அவள் பத்தாவதோடு நின்று, பிறகு குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டக் கற்று, ஜமுனாமரத்தூரிலிருந்து புளியும் சாமையும் மலையிறக்கினாள். 'அழிச்ச மல்லிகா' என்ற பெயர் அவள் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. "ஆமா, இன்னொரு கேம் குடுங்க, அதயும் அழிக்கிறேன்" என்று சிரிப்பாள். போன மாதம் மருத்துவமனையில், இப்போதாவது எல்லோரிடமும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? எனக்குப் பழகிப்போச்சி. உனக்குப் புதுசு, தாங்க மாட்ட" என்றாள்.

காரியத்துக்குப் போனபோது அவள் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "இன்னா சிஸ்டர் சொல்றீங்க? எங்கிட்டயும் அவ, நான்தான் அழிச்சேன்னுதான் சொன்னா. இருவது தடவ கேட்டிருப்பேன். ஒருவாட்டிகூட மாத்திச் சொல்லலியே" என்றார். சொல்லிவிட்டு, கண்ணில் நீரோடு வாய்விட்டுச் சிரித்தார்.

கட்டிய கணவனிடம்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். என் படிப்பு, என் வேலை, என் பிள்ளையின் சோறு எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அதை இன்று நானே போட்டு உடைக்கிறேன். இனிமேல் குழுவில் என்னைத் திட்டுங்கள், கேலி பேசுங்கள், அந்தப் பெயரையும் எனக்கே வையுங்கள். தாங்குவேன், மல்லிகா.